சூட்டுக்கும் ஓர் அளவுண்டு: கூந்தல் நேராக்கும் தொழிலில் எம் சகோதரிகள் கவனிக்க வேண்டியவை

எமது கிராமங்களில் பெண்களுக்கான சுயதொழில் என்றால் ஒரு காலத்தில் தையல் இயந்திரம், கோழிக்கூடு, மிளகாய்த்தூள் என்ற மூன்றுக்குள் பேச்சு முடிந்துவிடும். இன்று நிலைமை மாறியுள்ளது. பிரதான வீதியிலிருந்து இரண்டு மைல் உள்ளே போனாலும், வீட்டு விறாந்தையின் ஒரு பக்கத்தைப் பலகையால் அடைத்து, பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டி, ‘அழகுக்கலை நிலையம்’ என்று பெயர்ப்பலகை தொங்கவிட்டிருப்பதைக் காண்கிறோம். கலியாணம், சாமத்தியச் சடங்கு, முதல் நன்மை விழா என்று வருடம் முழுவதும் வேலை கிடைக்கிறது. குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் இத்தொழிலால் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்கள். இதனை ஆடம்பரத் தொழில் என்று நாம் தள்ளிவிட முடியாது.

இந்நிலையங்களில் இன்று கூடிய வருமானம் தரும் வேலைகளில் ஒன்று தலைமயிரை நேராக்குவதும் மிருதுவாக்குவதுமாகும். ‘றீபொண்டிங்’, ‘கெரற்றின்’, ‘ஸ்மூதிங்’ என்ற சொற்கள் கிராமத்துக் குமர்ப்பிள்ளைகளின் வாயிலும் சாதாரணமாகிவிட்டன. ஒரு குருவானவருக்கும் கூந்தலுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் சிரிக்கலாம். தொடர்பு உண்டானது ஒரு கடன் விடயத்தாலேயாகும்.

சில வருடங்களுக்கு முன்னர் எமது சுழற்சிக் கடன் நிதியில் பணம் பெற்று, கடலோரக் கிராமமொன்றில் இளம் தாய் ஒருவர் நிலையம் தொடங்கினார். கெட்டிக்காரி, தவணை தவறாதவர். ஒரு நாள் கலியாணத்துக்குப் பத்து நாள் இருந்த மணப்பெண்ணுக்குக் கூந்தல் நேராக்கினார். மணப்பெண்ணின் தலைமயிர் ஏற்கெனவே வெளிறச் செய்து நிறமூட்டப்பட்டது. ஈரம் முற்றாகப் போகவில்லை. நேராக்கும் கருவியோ அதன் உச்சச் சூட்டில் இருந்தது. இரண்டு நாளில், தலையிலிருந்து ஒரு சாண் கீழே, கருவி தங்கித் தங்கிப் போன இடங்களில் எல்லாம் மயிர் முறியத் தொடங்கியது. மணப்பெண்ணின் தாய் உதிர்ந்த மயிரைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் சத்தம் போடவில்லை. ‘தங்கச்சி, உன்னை நம்பித்தானே பிள்ளையை விட்டனான்’ என்று மட்டும் சொன்னாராம். அந்த வார்த்தையைத் தாங்க முடியாமல் எமது சகோதரி பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சவுரியும் வாங்கிக் கொடுத்து, மூன்று மாதம் நிலையத்தைப் பூட்டிவிட்டார்.

தவணை நின்றபோதுதான் நாம் விசாரிக்கச் சென்றோம். ‘ஃபாதர், மிசினில 230 மட்டும் போகும் எண்டு கிடந்தது. கூடச் சூடு வைச்சா கூட நாளைக்கு நிக்கும் எண்டு நினைச்சிட்டன்’ என்றார். எமக்கு மறுமொழி வரவில்லை. அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் நாம். கருவி வாங்கிய பற்றுச்சீட்டைச் சரிபார்த்தவர்களும் நாம். அக்கருவியை எப்படிப் பாவிப்பது என்று கற்பிக்க ஒழுங்கு செய்தோமா? இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் முகமாக அனுபவமுள்ள தொழிலாளர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கு தருகிறோம்.

மயிர் என்பது என்ன?

தலைமயிர் கெரற்றின் எனும் புரதத்தால் ஆனது. ஒவ்வொரு மயிரின் வெளிப்புறத்திலும் மெல்லிய செதில்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. உள்ளே மயிருக்குப் பலம் கொடுக்கும் நார்கள் இருக்கின்றன. இந்நார்களை இருவகைப் பிணைப்புகள் சேர்த்து வைத்திருக்கின்றன. ஒன்று, தண்ணீர் பட்டாலோ சூடு பட்டாலோ விட்டுவிடும் பலவீனமான பிணைப்பு. ஈரத்தலையைப் பின்னிக் காயவிட்டால் மயிர் சுருளாக நிற்பதும், மறுபடி முழுகினால் பழையபடி ஆவதும் இதனாலேயே. மற்றையது கந்தகப் பிணைப்பு. அது தண்ணீருக்கோ சாதாரண சூட்டுக்கோ அசையாது. அதை உடைக்க இரசாயனம் வேண்டும்.

இன்னொன்றையும் மனதிற்கொள்ள வேண்டும். தோலுக்கு மேலே தெரியும் மயிர் உயிரற்றது. கையில் பட்ட சூட்டுக்காயம் ஆறும். மயிரில் பட்ட சூட்டுக்காயம் ஆறுவதில்லை. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அல்லது சற்றுக் கூடுதலாகவே மயிர் வளருகிறது. இரண்டடி நீளக் கூந்தல் மறுபடி வளர நான்கைந்து வருடங்கள் செல்லும். ஐந்து நிமிட அவசரத்துக்கு ஐந்து வருடத் தண்டனை என்றே இதைக் கொள்ள வேண்டும்.

பெயர்கள் பல, வேலைகள் வேறு வேறு

வாடிக்கையாளர் எல்லாவற்றையும் ‘ஸ்ரெயிற் பண்ணுறது’ என்று ஒரே பெயரால் கேட்பார்கள். தொழில் செய்பவர் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, சூட்டினால் மட்டும் நேராக்குவது. ட்றையராலும் தட்டை அயனாலும் செய்யப்படும் இது அடுத்த முழுக்கு வரை நிற்கும். கடற்கரை ஈரக்காற்றில் அதுவும் நில்லாது.

இரண்டாவது, றீபொண்டிங். தயோகிளைக்கொலேற் வகைக் களிம்பு கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. களிம்பை நன்கு கழுவி, மயிரை உலர்த்தி, அயனால் நேராக்கி, பின்னர் இரண்டாவது மருந்தால் அப்பிணைப்புகளைப் புதிய நிலையில் மறுபடி பூட்டுகிறார்கள். நேராக்கிய மயிர் பழைய நிலைக்குத் திரும்பாது. எனவே அடுத்த தடவை புதிதாக வளர்ந்த அடிமயிருக்கு மாத்திரமே மருந்து பூச வேண்டும். பழைய இடத்தில் மறுபடி பூசினால் அந்த இடம் முறியும்.

மூன்றாவது, பிறேசில் நாட்டிலிருந்து பரவிய கெரற்றின் அல்லது ஸ்மூதிங் முறை. திரவத்தைப் பூசி, உலர்த்தி, மிகுந்த சூட்டில் அயன் செய்து மயிரின்மேல் ‘பூட்டி’ விடுவது. சில மாதங்களில் இது படிப்படியாகக் கழன்றுவிடும். கெரற்றின் ஊட்டுவதாலேயே மயிர் நேராகிறது என்று விளம்பரங்கள் சொல்கின்றன. உண்மையில் பெரும்பாலும் வேலை செய்வது போமல்டிஹைட் அல்லது கிளையொக்சிலிக் அமிலம் போன்ற இரசாயனமே. இதைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

இவை தவிர, சோடியம் ஹைட்ரொக்சைட் சேர்ந்த ‘றிலாக்சர்’ களிம்பும் உண்டு. அது பட்ட மயிரில் றீபொண்டிங் களிம்பு பூசக்கூடாது. றீபொண்டிங் செய்த மயிரில் அதைப் பூசவும் கூடாது. இரண்டும் ஒத்துப்போகாதவை, மயிர் இற்றுப்போகும். ஆகவே வாடிக்கையாளர் கதிரையில் அமர்ந்ததும் முதற்கேள்வி, ‘இதுக்கு முதல் என்ன செய்தனீங்கள், எப்ப செய்தனீங்கள்?’ என்பதாக இருக்க வேண்டும்.

சூடு எவ்வளவு?

நன்கு உலர்ந்த மயிரின் புரதக் கட்டமைப்பு ஏறத்தாழ 230 பாகை செல்சியசை அண்மித்துக் குலையத் தொடங்குகிறது. ஈரமாக உள்ள மயிரிலோ அது ஏறத்தாழ 150 பாகையிலேயே நடந்துவிடும். தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்பதைப் பாடசாலைப் பிள்ளையும் அறியும். ஈரமயிரைச் சூடான தட்டுகளுக்கிடையே நெரிக்கும்போது உள்ளேயுள்ள நீர் ஆவியாகி வெளியேற வழியின்றி மயிருக்குள் குமிழிகளை உண்டாக்குகிறது. மருத்துவர்கள் இதைக் ‘குமிழி மயிர்’ என்றே அழைக்கிறார்கள். அந்த இடத்தில் மயிர் மொறுமொறுப்பாகி முறிந்துவிடும். மணப்பெண்ணுக்கு நிகழ்ந்ததும் இதுதான் என்று இப்போது எண்ணுகிறோம். சூடு தனியே குற்றவாளியல்ல. ஈரமும் சூடும் சேர்ந்ததே குற்றம்.

எந்த மயிருக்கு எவ்வளவு என்பதற்கு முதல் வழிகாட்டி, மருந்துப் பெட்டியினுள் வரும் அறிவுறுத்தல் தாள். அதோடு பின்வரும் அளவுகளை எல்லைக்கோடாகக் கொள்ளலாம்.

மெல்லிய மயிர், நிறமூட்டிய மயிர், வெளிறச் செய்த மயிர்: 180 பாகைக்கு மேற்படாமல்.

நடுத்தரமான, சேதமற்ற மயிர்: 180 முதல் 200 பாகை வரை.

தடித்த, முரடான, இரசாயனம் படாத மயிர்: 200 முதல் 210 பாகை வரை. சில மருந்துகளுக்கு 230 பாகை வேண்டுமென்று தாளில் இருக்கும். அதை மேலெல்லையாகக் கொள்ள வேண்டுமேயன்றி அதிலிருந்து தொடங்கக் கூடாது.

மருந்து 230 பாகை கேட்கிறது, மயிரோ 180 பாகைதான் தாங்கும் என்றால் என்ன செய்வது? அந்த மருந்தை அந்தத் தலைக்குப் பாவிக்கக் கூடாது என்பதே விடை. இடைநடுவில் ஓர் அளவைப் பிடித்தால் மருந்தும் பிடிக்காது, மயிரும் கெடும்.

கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் உறவினர் அனுப்பும் கருவிகளில் சூடு பரனைற் அளவில் காட்டப்படுவதுண்டு. 350 பரனைற் என்பது 177 செல்சியஸ். 400 என்பது 204. 450 என்பது 232. இக்கணக்கைத் தாளில் எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பது நல்லது.

கருவி காட்டும் இலக்கத்தையும் முழுதாக நம்ப முடியாது. மலிவான அயன்களில் தட்டின் ஒரு மூலை மற்ற இடங்களிலும் பார்க்கக் கொதிக்கும். தொடங்குமுன் வெள்ளைத் தாளொன்றைத் தட்டுகளுக்கிடையே சில விநாடிகள் பிடித்துப் பாருங்கள். தாள் பழுப்பு நிறமானால் அந்த அயன் மயிருக்கு ஆகாத சூட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பழுத்தால் தட்டு சமனாகச் சூடாகவில்லை. தட்டின் பூச்சு உரிந்த அயனை எறிந்துவிட வேண்டும். உரிந்த விளிம்பு மயிரின் செதில்களைக் கிழிக்கும்.

வேலையின் ஒழுங்கு

1. தலையோட்டைப் பாருங்கள். புண், சொறி, கீறல், பேன் கடித்த காயம் இருந்தால் மருந்து வேலையை அன்று செய்யக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இழுப்பு நோயுள்ளவர்களுக்கும் இவ்வேலையைச் செய்யாது விடுவதே நன்று.

2. இழுத்துப் பாருங்கள். ஒரு மயிரை நனைத்து மெதுவாக இழுத்தால் நல்ல மயிர் சற்று நீண்டு மறுபடி சுருங்கும். நீண்டு நீண்டு சுவிங்கம் போல வந்தாலோ, உடனே அறுந்தாலோ அந்த மயிர் இன்னொரு மருந்தைத் தாங்காது.

3. ஒரு சிறு கற்றையில் பரீட்சித்துப் பாருங்கள். பிடரிப் பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், மருந்து முதல் அயன் வரை முழு வேலையையும் செய்து மறுநாள் பார்ப்பது. கடையில் வாங்கிய கறுப்பு மருதோன்றிப் பொடி பூசியவர்களுக்கு இது கட்டாயம். சில பொடிகளில் உலோக உப்புகள் சேர்ந்திருக்கும். றீபொண்டிங்கின் இரண்டாவது மருந்தில் ஐதரசன் பரவொட்சைட்டு இருந்தால் அதனோடு சேர்ந்து அவை சூட்டைக் கிளப்பி மயிரை எரித்துவிடக் கூடும்.

4. எண்ணெய் போகக் கழுவுங்கள். எமது பெண்கள் தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் வைத்த தலையோடு வருவார்கள். எண்ணெய் இருந்தால் மருந்து ஒரே சீராகப் பிடிக்காது.

5. மருந்தைத் தலையோட்டில் படாமல் பூசுங்கள். வேரிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் விட்டுத் தொடங்குவது. மிஞ்சியதைச் சீப்பால் வாரி எடுப்பது. நேரத்தை மணிக்கூட்டில் பார்ப்பது, நினைவை நம்புவதல்ல. றீபொண்டிங் களிம்பைக் கழுவும்போது தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். மிஞ்சிய களிம்பின்மேல் அயன் பட்டால் மயிர் இற்றுவிடும்.

6. முற்றாக உலர்த்துங்கள். இதுவே முழு வேலையின் உயிர்நாடி. மேலே உலர்ந்து பிடரியில் ஈரம் நிற்பது வழக்கம். கைவிரல்களை வேர்ப்பக்கம் விட்டுப் பாருங்கள்; குளிர்ச்சி தெரிந்தால் ஈரம் இருக்கிறது. அயனை வைத்ததும் ‘ஸ்’ என்ற சத்தமும் ஆவியும் வந்தால் உடனே நிறுத்தி மறுபடி உலர்த்துங்கள். ட்றையரைத் தலையிலிருந்து ஒரு சாண் தூரத்திலாவது பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

7. மெல்லிய கற்றைகளாகப் பிரியுங்கள். கற்றையின் அகலம் அயன் தட்டின் அகலத்திலும் குறைவாக இருக்கட்டும். அதன் பின்னே பிடித்த சீப்பின் பற்கள் தெரிய வேண்டும். தடித்த கற்றையில் வெளிமயிர் கருகும். உள்மயிருக்குச் சூடே போகாது. அப்போதுதான் திரும்பத் திரும்ப இழுக்கவும் சூட்டைக் கூட்டவும் மனம் ஏவும்.

8. நிறுத்தாமல், ஒரே வேகத்தில் இழுங்கள். தோலில் படாதபடி வேர்ப்பக்கம் சற்று விட்டுத் தொடங்கி நுனிவரை ஓரிடத்திலும் தங்காமல் செல்ல வேண்டும். நுனிமயிரே மிகப் பழைய மயிர்; பல வருட வெயிலும் உப்புக்காற்றும் கண்டது. அங்கு சூட்டைக் குறைத்து, தடவைகளையும் குறைக்க வேண்டும். எத்தனை தடவை என்பது மருந்துத் தாளில் உள்ளது. தடித்த மயிருக்கான கணக்கை மெல்லிய மயிருக்குப் பாவிக்கக் கூடாது.

9. ஆறவிட்டுத் தொடுங்கள். சூடாக இருக்கும் மயிர் கொடுத்த வடிவத்தைப் பிடிக்கும். உடனே கட்டினால் அந்தக் கட்டின் அடையாளம் நிற்கும்.

கருகிய இறகின் மணம் வந்தால் வேறு ஆலோசனை வேண்டாம், வேலையை நிறுத்துங்கள்.

கண்ணெரிவை ‘பழகிப்போச்சு’ என்று விடலாமா?

இனிச் சொல்லப்போவது வாடிக்கையாளரிலும் பார்க்கத் தொழில் செய்பவரையே கூடுதலாகப் பாதிக்கும் விடயம். எமது சகோதரி ஒருவரின் நிலையத்தில் அரை மணித்தியாலம் அமர்ந்திருந்தபோது எமக்குக் கண் எரிந்து தொண்டை கரகரத்தது. அவரிடம் கேட்டோம். ‘முதல் மாதம் எனக்கும் அப்பிடித்தான் ஃபாதர், இப்ப பழகிப்போச்சு. பெட்டியில போமலின் இல்லையெண்டுதானே போட்டிருக்கு’ என்றார்.

போமலின் என்பது போமல்டிஹைட் வாயு தண்ணீரில் கரைந்த நிலை. பிரேதம் பழுதாகாமல் இருக்கப் பாவிக்கும் அதே பொருள். திரவத்தில் அடங்கியிருப்பது ட்றையரின் சூடும் அயனின் சூடும் பட்டதும் வாயுவாகக் கிளம்புகிறது. இங்குதான் சூட்டுக் கருவிக்கும் சுகாதாரத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004ஆம் ஆண்டில் போமல்டிஹைட்டை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருட்களில் இதைச் சேர்ப்பதைத் தடைசெய்துள்ளது. இம்முறை பிறந்த பிறேசில் நாடே, மயிர் நேராக்கப் போமலின் பாவிக்கப்படுவதைத் தடுப்பதற்காக, மருந்துக்கடைகளிலும் சந்தைகளிலும் அதன் விற்பனையை 2009இல் தடைசெய்தது.

‘இல்லை’ என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பலாமா? அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் நிலையமொன்றின் பணியாளர்கள் மூச்சுத் திணறலையும் கண்ணெரிவையும் முறையிட்டதைத் தொடர்ந்து, 2010இல் அங்குள்ள தொழிற் பாதுகாப்புப் பகுதியினர் மருந்தை ஆய்வுகூடத்தில் பரிசோதித்தனர். ‘போமல்டிஹைட் அற்றது’ என்று எழுதிய போத்தல்களில் சராசரியாக நூற்றுக்கு எட்டு வீதத்துக்கும் மேல் போமல்டிஹைட் இருந்தது. அந்நாட்டுச் சட்டப்படி வேலைத்தளக் காற்றில் எட்டு மணித்தியாலச் சராசரியாகப் பத்து இலட்சத்தில் முக்கால் பங்கே இருக்கலாம் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெதிலீன் கிளைக்கோல், மெதனல் என்ற பெயர்களில் எழுதினாலும் சூட்டில் வருவது அதே வாயுதான்.

போமல்டிஹைட்டுக்குப் பதிலாக வந்த கிளையொக்சிலிக் அமிலமும் குற்றமற்றதல்ல. கூந்தல் நேராக்கிய பின்னர் திடீரெனச் சிறுநீரகம் பழுதடைந்த 26 நோயாளர் பற்றி இஸ்ரேலிய மருத்துவர்கள் 2023இல் எழுதினர். 2024இல் பிரான்சிய மருத்துவர்கள் ஓர் இளம்பெண்ணைப் பற்றி அறிவித்தனர். மூன்று தடவை கூந்தல் நேராக்கிய அவருக்கு மூன்று தடவையும் வாந்தியும் முதுகுவலியும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்பட்டன. தலையோட்டிலும் எரிவும் புண்ணும் உண்டாயின. அந்த மருந்தை எலிகளின் தோலில் பூசிப் பார்த்தபோது அவற்றின் சிறுநீரகத்தில் ஒக்சலேற் பளிங்குகள் படிந்திருந்தன. மருந்து பூசிய சில மணித்தியாலங்களிலோ நாட்களிலோ வாந்தி, வயிற்றுவலி, இடுப்புவலி வந்தால் வைத்தியசாலைக்குச் சென்று, தலைக்கு மருந்து பூசியதையும் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் ஊகிக்க முடியாது.

நீண்டகால விளைவு பற்றியும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் 33,000க்கு மேற்பட்ட பெண்களை ஏறத்தாழ 11 வருடங்கள் அவதானித்த ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. மயிர் நேராக்கும் இரசாயனங்களை ஒருபோதும் பாவிக்காத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 வீதம் என்றும், வருடத்தில் நான்கு தடவைக்கு மேல் பாவித்தவர்களில் 4.05 வீதம் என்றும் அது மதிப்பிட்டது. எந்த இரசாயனம் காரணம் என்பதை அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. பயமுறுத்துவதற்காக இதைக் கூறவில்லை. ‘அடிக்கடி செய்யுங்கோ’ என்று வாடிக்கையாளரை ஊக்குவிக்க வேண்டாம் என்பதற்காகவே கூறுகிறோம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? போமல்டிஹைட் வகை மருந்தை வாங்காதிருப்பதே முதற் பாதுகாப்பு. பெயர், சேர்மானப் பட்டியல், காலாவதித் திகதி இல்லாத போத்தலையும், பெரிய கானிலிருந்து வார்த்து விற்கப்படும் திரவத்தையும் தொடக்கூடாது. எந்த மருந்தானாலும் அயன் வேலையை யன்னலும் கதவும் திறந்த இடத்தில் செய்யுங்கள். எமது கிராமத்து விறாந்தை இதற்கு நகரத்துக் குளிரூட்டிய அறையிலும் பார்க்க உகந்தது. மின்விசிறியை முகத்துக்கு நேரே வைக்காமல், புகையை வெளியே இழுக்கும் விதமாக யன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். துணி முகக்கவசமோ வைத்தியசாலை முகக்கவசமோ இவ்வாயுவைத் தடுக்காது. போட்டுக்கொண்டு துணிவடைய வேண்டாம். குழந்தையை மடியிலோ தொட்டிலிலோ பக்கத்தில் வைத்துக்கொண்டு இவ்வேலையைச் செய்யவே கூடாது. கண்ணெரிவு என்பது உடம்பு தரும் எச்சரிக்கை. அதற்குப் பழகிப்போவது ஆபத்து நீங்கியதன் அடையாளமல்ல.

மின்சாரமும் சூட்டுக்காயமும்

எமது நாட்டில் மின்னழுத்தம் 230 வோல்ற்று. கனடா, அமெரிக்கக் கருவிகள் பல 120 வோல்ற்றுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. செருகியின் முனையை மாற்றும் சிறு ‘அடப்ரர்’ மின்னழுத்தத்தை மாற்றாது. 120 வோல்ற்றில் 1,500 வாற்று எடுக்கும் ட்றையரை இங்கு செருகினால் அது 5,000 வாற்றுக்கு மேல் இழுக்க முயன்று விநாடிகளில் எரியும். கருவியின் அடியில் ‘100–240’ என்று இருந்தால் மாத்திரம் பாவிக்கலாம். இலண்டன், சுவிஸ், பிரான்ஸ் கருவிகளில் இப்பிரச்சினை இல்லை.

2,000 வாற்று ட்றையர் ஒன்று ஏறத்தாழ 9 அம்பியர் மின்னோட்டம் எடுக்கும். 13 அம்பியர் செருகியுள்ள ஒரே நீட்டு வயரில் இரண்டு ட்றையர்களைச் செருகினால் வயர் உருகும். பலகையால் அடைத்த விறாந்தையில் அதன் விளைவை நாம் விபரிக்கத் தேவையில்லை. ட்றையருக்குச் சுவரில் தனிச் செருகி வேண்டும். வீட்டு இணைப்பில் தவறும் மின்னோட்டத்தைக் கண்டு தானே நின்றுவிடும் ‘ட்ரிப் சுவிற்ச்’ இருக்கிறதா என்று பாருங்கள். தலை கழுவும் இடத்துக்கும் மின்கருவிக்கும் இடையே தூரம் வேண்டும். அயனை வைக்கச் சீமெந்துத் துண்டோ ஓட்டுத் துண்டோ போதும்; துவாய்மேல் வைக்கக் கூடாது. சூடு ஆறுமுன் வயரை அயனில் சுற்றி வைப்பதால் வயர் உள்ளே அறுந்துபோகும்.

காதிலோ பிடரியிலோ சூடு பட்டுவிட்டால் உடனே ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். காதென்றால் கோப்பையால் தொடர்ந்து வாருங்கள். பற்பசை, எண்ணெய், மை ஒன்றும் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். மருந்து கண்ணில் தெறித்தால் கால் மணித்தியாலமாவது சுத்தமான நீரால் கழுவி, வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

‘மாட்டன்’ என்று சொல்லும் துணிவு

இவ்வளவையும் அறிந்த பின்னரும் மிகக் கடினமானது ஒன்றுண்டு. காசோடு வந்திருக்கும் வாடிக்கையாளரிடம், ‘உங்கட தலைமயிர் இதைத் தாங்காது, நான் செய்ய மாட்டன்’ என்று சொல்வதே அது. நீ செய்யாவிட்டால் அடுத்த சந்தியில் செய்வார்கள் என்ற பயம் உண்டு. அன்றைய சோற்றுக்கான பணமும் அதில் உண்டு. வெளியிலிருந்து புத்தி சொல்வது எமக்கு இலகு என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

இதனாலேயே தனி ஒருவரின் நல்ல மனதில் மாத்திரம் இதை விட்டுவிட முடியாது என்கிறோம். ஒரு பிரதேசத்தில் தொழில் செய்யும் ஐந்தாறு பேர் மாதமொரு முறை கூடி, எந்த மருந்தை வாங்குவதில்லை, எந்தத் தலைக்கு எந்த வேலையைச் செய்வதில்லை என்று தீர்மானித்தால் அடுத்த சந்தியைப் பற்றிய பயம் குறையும். ஒருவருக்கு நேர்ந்த தவறை மற்றவர் கேட்டுப் படிக்கலாம். சிகை அலங்காரத்துக்கும் அழகுக்கலைக்கும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறும் வழி எமது நாட்டில் இருக்கிறது. கைத்தொலைபேசிக் காணொளியை மட்டும் பார்த்துத் தொழில் தொடங்கியவர்கள் அதை நாடுவது நல்லது. காணொளியில் சூடு தெரியாது, மணமும் தெரியாது.

கடன் கொடுக்கும் எம் போன்றவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. கருவி வாங்கப் பணம் கொடுப்பவர், கருவியைப் பிடிக்கக் கற்பிக்கும் செலவையும் திட்டத்தில் எழுத வேண்டும். பயிற்சி பெற்ற பின்னரே கடன் என்ற நிபந்தனையை எமது நிதியில் இப்போது சேர்த்துள்ளோம்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட சகோதரி மறுபடி நிலையத்தைத் திறந்துள்ளார். கண்ணாடிக்குக் கீழே ஒரு கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம்: முன்னர் என்ன பூசினார், மயிரின் தன்மை, பரீட்சித்த திகதி, பாவித்த மருந்து, அயன் வைத்த சூடு. அண்மையில் நாம் சென்றபோது அதைப் புரட்டிக் காட்டினார். பல பக்கங்களின் அடியில் ‘செய்யவில்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. ‘இவையள் திரும்பி வாறவையோ?’ என்று கேட்டோம். ‘கொஞ்சப் பேர் வாறதில்லை ஃபாதர். வாற ஆக்கள் தங்கட தங்கச்சிமாரையும் கூட்டிக்கொண்டு வருகினம்’ என்றார்.

கடனில் இன்னும் நான்கு தவணைகள் மிச்சம். அவை வந்து சேரும் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை.